அரம் பட்ட புங்கங்காய்

செம்பாக்கம்
4 பிப்ரவரி 2025

யூனிஸ்,

நான் வெள்ளியில் செய்த புங்கங்காய்க் கம்மலை உங்கள் கம்பெனி குரோம்பேட்டை ஷோரூமில் வைத்து விற்கிறது. சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு ஜோடி வாங்கியும் வந்துவிட்டேன். பில் பத்திரமாக இருக்கிறது.

என் நம்பரை நீ பிளாக் செய்திருப்பதால் கூரியர். கவுண்டரில் இருந்த ஆள் முகவரியைப் பார்த்துவிட்டு, "கூடுவாஞ்சேரிதானே மேடம், நீங்களே பஸ் புடிச்சிப் போய்க் குடுத்துடலாமே" என்றான். "குடுத்துடலாம்ப்பா. அப்புறம் ரெண்டு பேரும் அடிச்சிக்கினு நிப்போம், நீ வந்து விலக்குவியா?" என்றேன். சிரித்துக்கொண்டே சீல் குத்தினான்.

எனக்கு விஷயத்தைச் சொன்னது சரோஜினி மேடம். சேலையூரில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவர், உனக்கு நினைவிருக்கும். அவர் பள்ளிக்கூட ஹாலில்தான் நாம் முதல் எக்ஸிபிஷன் போட்டோம். மாடி ஏறி வந்தவர் உட்காரக்கூட இல்லை. காதிலிருந்து கம்மலைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார்.

"முப்பது ஜோடிதான், அதுக்கப்புறம் அச்சை வெட்டிடுவேன்னு சொன்னியே கோகிலா."

"வெட்டினேனே மேடம். நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

"அப்ப இது என்ன? ரிசப்ஷன்ல ஒரு சின்னப் பொண்ணு இதே கம்மலோட வந்து, 'ஆன்ட்டி, நீங்களும் ஆஃபர்லதான் வாங்கினீங்களா'ங்கறா. எனக்கு முகத்தை எங்க வச்சிக்கறதுன்னே தெரியல."

ஆஃபர்! அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கடிதம்.

இனி எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான். நாளைக்கு வக்கீலிடம் காட்டினால் அவருக்கும் புரிய வேண்டும் என்று விளக்கமாக எழுதுகிறேன். விற்ற நகை ஒன்றை வாங்கி, அதன்மேல் ரப்பர் அச்சு எடுத்து வார்த்தால், வார்ப்பு கொஞ்சம் சுருங்கும். காப்பி அடித்தவன் கம்மல் சின்னதாக இருக்கும். அதற்காகத்தான் முதலில் கையால் செய்கிற மாஸ்டரை நாம் ஒரு சுற்றுப் பெரிதாகச் செய்வோம். மேடத்தின் கம்மலையும் உங்கள் ஷோரூம் கம்மலையும் பக்கத்தில் வைத்து அளந்தேன். இம்மி வித்தியாசம் இல்லை. ஆகவே உங்கள் ஆட்கள் அச்சு எடுத்தது விற்ற கம்மலில் இல்லை, மாஸ்டரில்.

அந்த மாஸ்டர் உலகத்தில் ஒன்றுதான். வெள்ளம் வந்தபோது, நம் பழைய முடிச்சூர் பட்டறைக்குள் தண்ணீர் ஏறியபோது, பையில் வைத்தால் தவறிவிடும் என்று சிவப்பு நூலில் கோத்து நீ கழுத்தில் கட்டிக்கொண்டாய். அதற்கப்புறம் நானும் திருப்பிக் கேட்கவில்லை, நீயும் கழற்றவில்லை.

ஒரே கேள்விதான். எவ்வளவுக்குக் கொடுத்தாய்?

கோகிலவாணி


கூடுவாஞ்சேரி
11 பிப்ரவரி 2025

கோகிலாக்கா,

உங்கள் கடிதத்தை ஜெபராஜ் பிரித்துப் படித்துவிட்டார். சாப்பிடும்போது, "இன்னா யூனிஸ், நீ திருடினியாமே?" என்று சிரித்தார். அவருக்கு விளையாட்டு. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

அளவை வைத்து ஆளைப் பிடிக்கிற காலம் போய்விட்டது அக்கா. கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து இத்தனை சதவீதம் பெரிதாக்கு என்றால் பெரிதாக்கிவிடும். மறைமலை நகரில் எங்கள் பட்டறையில் அப்படி நான்கு மெஷின் இருக்கிறது. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டீர்கள்.

நீங்கள் கேட்டுவிட்டதால் நானும் கேட்கிறேன். வெள்ளம் வடிந்த பிறகு துருப்பிடித்த ரோலரை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தது யார்? செம்பாக்கம் மாடியில் மறுபடி கடை திறந்தபோது போர்டில் யார் பெயரை எழுதினீர்கள்? 'கோகிலா ஸ்டுடியோ'. நானும் அதில் பாதி என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனா முடிந்த வருஷம் இதே கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் மாடி ஏறி வந்தார்கள். புங்கங்காயில் ஐந்நூறு ஜோடி கேட்டார்கள். நீங்கள் டீகூடக் கொடுக்காமல் அனுப்பினீர்கள். மகன் காலேபுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த மாதம் அது. நான் அவர்கள் பின்னாலேயே படி இறங்கினேன். ஆமாம், இறங்கினேன். இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கம் இல்லை. மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., வீடு, எல்லாம் அந்தப் படியில் இறங்கியதால் வந்தது.

நீங்கள் பதினெட்டு வருஷம் என்ன சேர்த்தீர்கள்? வாடகை மாடி, முதுகுவலி, ஒரு போர்டு. முப்பதோடு நிறுத்துவது கொள்கை என்று ஊரெல்லாம் சொல்கிறீர்கள். அது கொள்கை இல்லை அக்கா, பயம். முப்பத்தோராவது விற்காமல் போய்விடுமோ என்கிற பயம்.

இன்னொன்று. எங்கள் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குக் கார்டு அனுப்பினேன். நீங்கள் வரவில்லை. ஒரு தட்டு பிரியாணி சாயங்காலம்வரை மூடி வைத்திருந்தேன். நம்பரை அன்றைக்குத்தான் பிளாக் செய்தேன்.

யூனிஸ் ஜெபராஜ்


செம்பாக்கம்
17 பிப்ரவரி 2025

யூனிஸ்,

கார்டு வந்தது. உன் பெயருக்குக் கீழே 'டிசைன் மேனேஜர்' என்று போட்டு, அதற்குக் கீழே கம்பெனிப் பெயரும் அச்சடித்திருந்தாய். வீட்டுப் பிரதிஷ்டைக் கார்டில் எந்த ஊரில்டி டெசிக்னேஷன் போடுகிறார்கள்? எனக்குக் காட்டத்தானே போட்டாய்? பார்த்துக்கொண்டேன். அதனால் வரவில்லை. பிரியாணி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

போர்டு விஷயம் கேட்டாய். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்று உன்னைத்தான் முதலில் கூப்பிட்டேன். "ஜெபராஜைக் கேட்டுச் சொல்றேங்க்கா" என்றாய். கேட்டுச் சொல்லவே இல்லை. கையெழுத்துப் போட்டவள் பெயர் போர்டில் ஏறியது. அவ்வளவுதான் கதை.

பயம் என்றாயே, அதற்கு வருகிறேன். எங்கள் நிலமெல்லாம் பிளாட் ஆனபோது, என் பங்கைக் கேட்டதற்கு மோகன்ராஜ் அண்ணன் என்ன சொன்னார்? "உனக்குத்தான் நகை போட்டாச்சே!" சரி என்று அந்த நகையை விற்றேன். அதில் பற்றவைக்கிற டார்ச், ரோலர், கம்பி இழுக்கும் தகடு வாங்கினேன். எனக்குப் போட்ட நகையை விற்றுத்தான் நான் நகைத் தொழிலுக்கே வந்தேன். சௌகார்பேட்டையில் பொம்பளைக்கு உட்கார இடம் கிடையாது என்றார்கள். நின்றுகொண்டே பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். முதுகுவலி அங்கேதான் ஆரம்பம். சொல்லிக்காட்டுகிறாயே, அது என் படிப்புக்கான சர்ட்டிபிகேட்.

முப்பது என்பதைக் கொள்கை என்று நான் சொன்னதே கிடையாது. வாங்குகிறவர்கள் சொன்னார்கள், கேட்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். அது வியாபாரம். முதல் டிசைனை எத்தனை செய்தோம், நினைவிருக்கிறதா? நூறு. பல்லாவரத்திலிருந்து வண்டலூர்வரை எல்லோரும் போவது அதே நாலைந்து கல்யாண மண்டபத்துக்கு. வேப்பம்பூ மூக்குத்தியோடு இரண்டு சம்பந்திகள் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டும் திரும்பி வந்தது. அடுத்த டிசைன் ஐம்பது. அதிலும் ஒரு ஜோடி திரும்பி வந்தது. முப்பதில் எதுவும் திரும்பவில்லை. இந்த மூன்று தாலுக்காவில் ஒருத்திக்கொருத்தி இடிக்காமல் எத்தனை பேர் ஒரே நகையைப் போடலாம் என்று அடிபட்டுக் கண்டுபிடித்த எண் அது. உங்கள் கம்பெனியில் நான்கு மெஷின் இருந்தாலும் அந்த எண் கிடைக்காது. நான் விற்பது வெள்ளி இல்லை யூனிஸ். கல்யாண வீட்டில் யாரும் "நீங்களும் ஆஃபர்லயா" என்று கேட்க மாட்டார்கள் என்கிற நிம்மதியைத்தான் விற்கிறேன். அதைத்தான் உங்கள் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாலு பேர் கம்மலைத் திருப்பினால் என் கடை படுத்துவிடும். சரோஜினி மேடம் முதல் ஆள்.

கடைசியாக உன் ஸ்கேன். அந்த மாஸ்டரை நான் அரம் போட்டுக்கொண்டிருந்த அன்றைக்கு நீ ஏதோ சொன்னாய், எனக்குச் சிரிப்பு வந்தது, அரம் வழுக்கிப் பின்பக்கம் ஆழமாக ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடு ஒவ்வொரு வார்ப்பிலும் வரும். முப்பது ஜோடியிலும் என் கையாலேயே தேய்த்து எடுத்துவிட்டுத்தான் விற்றேன். விற்ற கம்மலை ஸ்கேன் செய்திருந்தால் பின்பக்கம் வழுவழுவென்று இருக்கும். உங்கள் ஷோரூம் கம்மலில் கோடு இருக்கிறது. ஒரு ஜோடி இத்துடன் அனுப்புகிறேன். கழுத்தில் இருப்பதைக் கழற்றி, இரண்டையும் கவிழ்த்து வைத்துப் பார்.

பார்த்துவிட்டு எழுது.

கோகிலவாணி


கூடுவாஞ்சேரி
24 பிப்ரவரி 2025

அக்கா,

பார்த்தேன். கோடு இருக்கிறது.

நான் கொடுக்கவில்லை என்று எழுதியது பொய் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால், கறுத்துப்போயிருக்கிறதே என்று சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகப் பட்டறையில் கழுவக் கொடுத்திருந்தேன். மறுநாள் திரும்ப வந்தது. பளபளவென்று இருந்தது. சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு போனேன்.

இன்றைக்கு நேராகப் பட்டறை மேனேஜர் அச்சுதன் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், நீங்கதானே குடுத்தீங்க?" என்றார்.

"கழுவத்தானே சார் குடுத்தேன்."

"கழுவினோமே! எம்.டி. சார் ரவுண்ட்ஸ்ல வந்தாரு, கைல எடுத்துப் பாத்தாரு, 'சூப்பர் பீஸ், ஒரு மோல்டு போட்டு வை'ன்னாரு. உங்க டிசைன்தானே, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிகினேன்."

இரண்டு மாசமாக அது ஷோரூமில் விற்றுக்கொண்டிருந்திருக்கிறது. டிசைன் மேனேஜரான எனக்கே தெரியாது. நான் இப்போது மோதிர செக்‌ஷன் மட்டும்தான். நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

எம்.டி.யிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காபி வரவழைத்தார். இரண்டு காகிதம் கொடுத்தார். ஒன்று எனக்கு: கம்பெனி ஊழியராக நானே உருவாக்கிய டிசைன் இது என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எல்லா செக்‌ஷனும் என் கீழே வரும். இன்னொன்று உங்களுக்கு: 'கோகிலா கலெக்‌ஷன்' என்று தனி கவுண்டர், பெட்டிமேல் உங்கள் பெயர், விற்கிற ஒவ்வொன்றுக்கும் பங்கு. வருஷத்துக்கு நாலு டிசைன் கொடுத்தால் போதுமாம். பட்டறை, வாடகை, கூலி எதுவும் உங்களுக்கு வேண்டாம். அந்தக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, உங்களுக்கு அது மோசமில்லை. வயது ஐம்பத்து மூன்று ஆகிறது உங்களுக்கு.

என் காகிதத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மார்ச் கடைசிவரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

யூனிஸ்


செம்பாக்கம்
3 மார்ச் 2025

யூனிஸ்,

சிரிக்கவில்லை. கழுவக் கொடுத்த இடத்தில் அச்சு எடுப்பார்கள் என்று எனக்கும் தோன்றியிருக்காது.

உன் எம்.டி. காகிதத்தை முழுசாகப் படித்தேன், பின்பக்கத்துப் பொடி எழுத்துகூட விடவில்லை. என் பெயரை அவர்கள் யார் தலையில் வேண்டுமானாலும் கட்டலாமாம், எந்த டிசைனுக்கு வேண்டுமானாலும் போடலாமாம். நான் செத்த பிறகும் போடலாமாம்! இவ்வளவு அழகாக எழுதியவனுக்கு ஒரு நல்ல மோதிரம் செய்துகொடுக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடு. காபிக்கு நன்றியும் சொல்லிவிடு.

என் நிபந்தனை இது. கம்மலை ஷோரூம்களிலிருந்து இறக்க வேண்டும். விற்காதது எல்லாம் என் மேஜைக்கு வர வேண்டும். இங்கே, என் கண் முன்னால் உருக வேண்டும். பழைய கொலுசு கொண்டுவருகிற ஒவ்வொரு பெண்ணும், "எங்க கண்ணு முன்னாலயே உருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். இத்தனை வருஷத்தில் நான் அதற்குக் கோபித்துக்கொண்டதே கிடையாது. இப்போது நான் கஸ்டமர். நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன்.

மாட்டேன் என்றால்? அந்த முப்பது பேர் வீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசிப் பேரைப் பார்த்தாயிற்று. நாலு பேர் கதவைச் சாத்தினார்கள், மற்றவர்கள் வருகிறோம் என்றார்கள். அட்சய திருதியை அன்றைக்குக் காலையில் உங்கள் குரோம்பேட்டை ஷோரூம் வாசலில், காதில் புங்கங்காயோடு வரிசையில் நிற்போம். கோஷம் கிடையாது, சண்டை கிடையாது. ஆளுக்கு ஒரு வெள்ளிக் காசு வாங்க வந்த கஸ்டமர்கள். யாராவது கேட்டால் பதில் சொல்வோம், அவ்வளவுதான். சரோஜினி மேடம் பதில் சொல்லும்போது எவ்வளவு தூரம் கேட்கும் என்று உனக்கே தெரியும், மைக் இல்லாமல் பிரேயர் நடத்தியவர்.

உன் கையெழுத்தைப் பற்றி. நீ போட்டுவிட்டால் என் கேஸ் நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, எனக்கு இல்லை. அதனால் போடாதே என்று கெஞ்ச மாட்டேன். போட்டாலும் நான் வாசலில் வந்து நிற்பேன். அதை மட்டும் தெரிந்துகொண்டு போடு.

வயதை ஏன் எழுதினாய்? அரம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

கோகிலவாணி


கூடுவாஞ்சேரி
2 ஏப்ரல் 2025

கோகிலாக்கா,

மீட்டிங் முடிந்தது. அச்சுதன், வக்கீல், எம்.டி., நான்.

"நீங்க எத்தனை வருஷமா கழுத்துல போட்டிருக்கீங்க யூனிஸ்? உங்க டிசைன் இல்லாம யாருது?" என்றார் எம்.டி.

"போட்டிருக்கறது நான் சார். செஞ்சது நான் இல்ல."

"இப்படிச் சொன்னா உங்க போஸ்ட் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"மார்ச் பூரா அதைத்தான் சார் யோசிச்சேன்."

கழுத்திலிருந்து கழற்றி, கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். கோட்டைக் காட்டினேன். அது எப்படி விழுந்தது என்றும் சொன்னேன். உங்களுக்கு நான் என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. உங்கள் அண்ணன் மோகன்ராஜ் அன்றைக்குப் பட்டறைக்கு வந்து, "கோகிலா, மாப்பிள்ளை மோதிரம் ஒண்ணு பண்ணு. சொந்தத்துக்கிட்ட கூலி வாங்க மாட்டேல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டியதும் நான், "வாங்க மாட்டாங்கண்ணா, கூலிக்குப் பதிலா முடிச்சூர்ல ஒரு கிரவுண்டு வாங்கிப்பாங்க" என்றேன். நீங்கள் குலுங்கிச் சிரித்தீர்கள். அரம் போய்விட்டது.

அதைக் கேட்டு வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எம்.டி. சிரிக்கவில்லை. ஆனால் அட்சய திருதியை வரிசையைப் பற்றிச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். "எத்தனை பேர் வருவாங்க?" என்றார். "எனக்குத் தெரியாது சார். ஆனா சரோஜினி மேடம் வருவாங்க" என்றேன். அவர் பையன் அந்த ஸ்கூல்தானாம்.

உருக்குவதற்கு ஒப்புக்கொண்டார்கள். என் வேலை போகவில்லை. டிசைன் போயிற்று. இனி பழைய நகை வாங்குகிற கவுண்டரில் உட்கார வேண்டும். சம்பளத்தைக் குறைக்க முடியாது என்று ஹெச்.ஆர். சொன்னார், அதுவரைக்கும் லாபம். ஜெபராஜ் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள், "காலேபுக்கு வேலை கெடைச்சிடுச்சு, போவட்டும் விடு" என்றார்.

உங்களுக்காக இதைச் செய்யவில்லை அக்கா. என் பெயரில் ஒரு திருட்டு நகை இருக்கக் கூடாது, அதற்காகச் செய்தேன்.

மாஸ்டரை இத்துடன் அனுப்புகிறேன். கழுத்து லேசாக இருக்கிறது.

யூனிஸ்


செம்பாக்கம்
23 ஏப்ரல் 2025

யூனிஸ்,

நேற்றைக்கு உருக்கியாயிற்று.

அச்சுதன் இரண்டு பைகளில் கொண்டுவந்தார். நான் சொன்னபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் சரோஜினி மேடம் இன்னொரு நாற்காலி போட்டு, காதில் மறுபடி மாட்டிக்கொண்ட அவர் கம்மலோடு உட்கார்ந்தார். டார்ச்சை அச்சுதன் பிடித்தார். நடுவில் நான் வாங்கிக்கொண்டேன், அவர் பிடிக்கிற லட்சணத்தில் சாயங்காலம் ஆகிவிடும். உருக்குகிற மூசைக் கிண்ணத்தில் புங்கங்காய்கள் முதலில் சிவந்தன, அப்புறம் நுனி மடங்கியது, அப்புறம் எல்லாம் ஒரே குழம்பு. உன் சிரிப்புக்கு விழுந்த கோடு அத்தனை கம்மலிலும் இருந்தது. அத்தனையும் போயிற்று. கட்டியை எடைபோட்டு அச்சுதன் கையிலேயே கொடுத்தேன். வெள்ளி அவர்களுடையது, எனக்கு வேண்டாம். மேடம் எழுந்து போகும்போது, "அடுத்த டிசைன்ல எனக்கு முதல் ஜோடி" என்றார். கடை பிழைத்துக்கொள்ளும்.

ஏற்கனவே விற்றுப்போன கம்மல்களை யார் காதிலிருந்தும் நான் பிடுங்க முடியாது. முப்பது பேரில் யாராவது அதனால் திருப்பிக் கொடுத்தால் புது டிசைனில் மாற்றிக் கொடுப்பேன். அது என் நஷ்டம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்காகச் செய்யவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லது. எனக்காகச் செய்திருந்தால் நீ அதைச் சொல்லிக்காட்டுவதை நான் ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும். வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிட மாட்டேன். பி.எஃப்.போடு அங்கேயே இரு. ஆனால் பழைய நகைக் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு ஒன்று சொல்கிறேன்: உருக்க வருகிற பெண்ணுக்கு முதலில் நாற்காலியைக் காட்டு.

மாஸ்டரைத் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கத்துக் கோட்டைத் தேய்த்து எடுத்துவிடலாமா என்று அரத்தைக் கையில் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். நூல் நைந்திருந்தது, புது சிவப்பு நூல் போட்டிருக்கிறேன்.

கம்பெனியோடு பேசியது முடிந்தது. நமக்குள் பாக்கி இது: நீ என் நம்பரைத் திறந்துவிட வேண்டும். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நீ வரும் நேரத்துக்கு நான் வந்துவிடுவேன், பிரியாணியைச் சூடாக வைத்திருக்க வேண்டும். மாஸ்டர் உன் கழுத்திலேயே இருக்கும். கறுத்துப்போனால் எந்தப் பட்டறைக்கும் அனுப்பாமல், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நீயே உன் கையால் கழுவிக்கொள்ள வேண்டும்.

கோகிலவாணி